கைராசியும் கட்டுரைப் பட்டியலும்

ஒரு டாக்டரைப் பற்றி விசாரிக்க நம்மவர்களிடம் காலங்காலமாக இரண்டே கேள்விகள்தான் உண்டு. கைராசிக்காரரா? கூட்டம் எப்படி? கூட்டம் நிறைய என்றால் கைராசியும் நிறைய என்று அர்த்தம். கூட்டம் இல்லாத டாக்டரிடம் போகத் தயக்கம். கூட்டம் இருக்கும் டாக்டரிடம் போனால் காத்திருக்க வேண்டுமே என்று அலுப்பு. கும்பகோணமானாலும் தில்லி கரோல்பாக் ஆனாலும் இந்த இலக்கணம் மாறுவதில்லை. இப்போது கம்ப்யூட்டர் உள்ள வீடுகளில் மூன்றாவது கேள்வி ஒன்று தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது: எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்? சென்ற குளிர்காலத்தில் இந்தக் கேள்வியை நானும் கேட்க வேண்டி வந்தது.

காரணம், என் மனைவியின் விரல்கள். அவள் பள்ளி ஆசிரியை. வயது 44. நவம்பர் கடைசியில் காலை எழுந்ததும் விரல்கள் மடங்க மறுத்தன. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் சொன்னபடி கேட்டன. தில்லிக் குளிர் என்று நினைத்து வெந்நீரில் கையை நனைத்துக்கொண்டு ஓட்டினாள். டிசம்பரில் இரண்டு மணிக்கட்டும் வீங்கின. மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் நழுவி விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள் என்று வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

தெருக்கோடி எலும்பு மருத்துவர் வலி மாத்திரை கொடுத்தார். மாத்திரை இருக்கும் வரை வலி இல்லை; மாத்திரை தீர்ந்ததும் வீக்கம் திரும்பியது. எங்கள் குடும்ப டாக்டர்தான் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ருமட்டாய்டு ஃபாக்டர் இருந்தது. ஆன்ட்டி சிசிபி என்ற இன்னொரு பரிசோதனையில் எண் மிக அதிகம். தாளைப் பார்த்துவிட்டு, "இது எலும்பு டாக்டர் சமாச்சாரம் இல்லை. ருமட்டாலஜிஸ்டைப் பாருங்கள். சீக்கிரம்," என்றார். அந்தக் கடைசிச் சொல்லை அவர் அழுத்திச் சொன்னார்.

தமிழில் முதுகலை படித்து, மொழிபெயர்ப்பில் சம்பாதிக்கிறவனுக்கு நோயைவிட முதலில் வார்த்தை இடறும். ருமட்டாலஜிஸ்டுக்குத் தமிழில் என்ன? மூட்டு வாத நோய் நிபுணர் என்று பெயர்ப் பலகைகளில் எழுதுகிறார்கள். நோய்க்குச் சரவாங்கி என்று பழைய பெயர் இருக்கிறது. முடக்குவாதம் என்று பாடப்புத்தகங்களில் போடுகிறார்கள். அதைப் பக்கவாதத்தோடு குழப்பிக்கொள்கிறவர்கள் பாதிப்பேர். கீல்வாதம் என்ற சொல் எல்லா மூட்டு வலிக்கும் பொதுவாகிவிட்டது. தில்லியிலோ எல்லாவற்றுக்கும் கட்டியா என்ற ஒரே இந்திச் சொல்தான். முழங்கால் தேய்ந்த 70 வயது மாமியும் கட்டியா. விரல் வீங்கிய 30 வயதுப் பெண்ணும் கட்டியா. இது வெறும் அகராதிச் சங்கடமல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டு பேரும் ஒரே மருந்துக் கடைக்கும் ஒரே எண்ணெய்க்கும் அனுப்பப்படுகிறார்கள்.

இரண்டும் வேறு வேறு. வயதாகி மூட்டு தேய்வது ஒன்று. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக மூட்டின் உள்சவ்வைத் தாக்குவது மற்றொன்று. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் இரண்டாவது வகை. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. இது இந்தியாவில் எவ்வளவு பரவலானது என்பதற்கு நல்ல பழைய கணக்கு ஒன்று தில்லிக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. ஹரியானாவின் பல்லப்கட் பகுதிக் கிராமங்களில் ஏ.என். மாளவியாவும் அவரது அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழக சகாக்களும் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு, 1993இல் வெளியானது. வயது வந்தோரில் 0.75 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் சுமார் 70 லட்சம் பேர் என்று அன்றே எழுதினார்கள். இத்தனை பேருக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு நிபுணர்கள் இல்லை. எம்.பி.பி.எஸ்., எம்.டி. முடித்து அதற்கு மேல் மூன்று ஆண்டு டி.எம். படித்து வர வேண்டிய துறை இது. வந்தவர்களும் பெரிய நகரங்களிலேயே தங்கிவிடுகிறார்கள்.

'சீக்கிரம்' என்ற சொல்லுக்கும் கணக்கு இருக்கிறது. ஐரோப்பிய மூட்டு நோய் நிபுணர்கள் சங்கம் 2016இல் திருத்தி வெளியிட்ட பரிந்துரைப்படி, அறிகுறி தொடங்கி ஆறு வாரத்துக்குள் நிபுணர் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் நோயின் போக்கையே மாற்றும் மருந்து தொடங்க வேண்டும். தாமதித்தால் எலும்பு அரிக்கத் தொடங்கும். அரித்த எலும்பு திரும்ப வளராது. நாங்கள் இதைப் படித்தபோது ஏழு வாரம் போய்விட்டிருந்தது.

விசாரித்ததில் இரண்டு பெயர்கள் மிஞ்சின. ஒருவர் நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றில் துறைத் தலைவர். தொலைக்காட்சியில் பார்த்த முகம். மற்றவர் யமுனைக்கு இக்கரையில், எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிடத் தொலைவில் கிளினிக் வைத்திருக்கும் பெண் மருத்துவர். வயது நாற்பதுக்குள். மாடி வீட்டு மாமா, "பெரியவரையே பாரும். சின்ன டாக்டரிடம் போய் பரிசோதனை எலியாக வேண்டாம்," என்றார். ரத்தச் சொந்தம் இல்லாவிட்டாலும் தில்லியில் மாமாக்களின் தீர்ப்புக்குக் கனம் அதிகம். இருந்தாலும் தீர்ப்புக்கு முன் சாட்சிகளை விசாரிக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடச் சிறந்த இடம் பப்மெட். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துகிறது. 1990களின் பிற்பகுதியிலிருந்து யாரும் காசில்லாமல் பார்க்கலாம். மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் இருக்கின்றன. பெயரைத் தட்டினால் பட்டியல் வந்து விழும் என்று நினைக்கிறோம். விழுகிறது, யாருடைய பட்டியல் என்பதுதான் கேள்வி. வடநாட்டில் ஒரே குடும்பப் பெயர், ஒரே முதலெழுத்தோடு டஜன் கணக்கில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். இதயம், பல், மாட்டு வைத்தியம் எல்லாம் கலந்து வருகிறது. நம்மவர்களின் கதை வேறு. தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி, ஒரே தமிழ் டாக்டர் இரண்டு பெயர்களில் உலவுவார். பெயரோடு ஊரையும் நிறுவனத்தையும் சேர்த்துத் தேட வேண்டும். ஆராய்ச்சியாளர்களுக்கு 2012 முதல் ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் கொடுக்கிறார்கள். அது இருந்தால் குழப்பம் குறையும்.

துறைத் தலைவரின் பட்டியலில் நூற்றைம்பதுக்கும் மேல் இருந்தது. இளைய மருத்துவருக்குப் பதினொன்று. கைராசிக் கணக்கில் பார்த்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்கு ஒன்று தெரியும். ஒரு செய்தியில் பத்துப் பேர் பெயர் இருந்தால் பத்துப் பேரும் எழுதினார்கள் என்று அர்த்தமில்லை. மருத்துவக் கட்டுரையிலும் அப்படியே. வழக்கமாக முதல் பெயர் வேலை செய்தவருடையது. கடைசிப் பெயர் வழிகாட்டிய மூத்தவருடையது. நடுவில் நிற்பவர்களில் நிஜமாகப் பங்களித்தவரும் உண்டு, மரியாதைக்குச் சேர்க்கப்பட்டவரும் உண்டு.

அடுத்து, என்ன வகைக் கட்டுரை என்று பார்க்க வேண்டும். ஒரே நோயாளியின் விசித்திரமான கதையைச் சொல்லும் அரைப்பக்கக் குறிப்பும் கட்டுரைதான். இதழாசிரியருக்கு எழுதிய கடிதமும் கட்டுரைதான். நூறு நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கியது போல் இரண்டாகப் பிரித்து, ஒரு வருடம் பின்தொடர்ந்து, எந்த மருந்து மேல் என்று காட்டும் பரிசோதனையும் கட்டுரைதான். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரிதான். 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச் குறியீடு என்று ஒரு கணக்கு கொண்டுவந்தார். ஒருவருக்கு அது 20 என்றால், அவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். இயற்பியல் பேராசிரியர்களை எடைபோட வந்த தராசு. அதில் டாக்டரின் கையை நிறுத்துப் பார்க்க முடியாது. வயதான பேராசிரியருக்கு எண் தானாகவே ஏறும். நாள் முழுக்க நோயாளி பார்ப்பவருக்கு ஏறாது.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. மருத்துவக் கல்லூரிகளில் பதவி உயர வேண்டுமானால் கட்டுரைகள் வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் விதி வைத்திருந்தது. 2015இல் வந்த விளக்கம், முதல் அல்லது இரண்டாவது ஆசிரியராக இருந்தால்தான் கணக்கில் சேரும் என்றது. கவுன்சில் 2020இல் கலைக்கப்பட்டு தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. ஆனால் இதற்கிடையில் பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சேற்றும் போலி இதழ்கள் மழைக்கால ஈசல் போலக் கிளம்பிவிட்டன. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்களை நீக்க நேர்ந்தது. ஆகவே கட்டுரை வந்த இதழ் எது, பப்மெட் பட்டியலில் உள்ளதா, மூட்டு நோய்த் துறையில் மற்றவர்கள் படிப்பதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பெரிய இதழ் என்றாலே கண்ணை மூடி நம்பிவிடவும் முடியாது. 2000இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் 8,000க்கும் மேற்பட்ட ருமட்டாய்டு நோயாளிகள் பங்கேற்றார்கள். வயாக்ஸ் என்ற வலி மாத்திரை வயிற்றுக்கு நல்லது என்றது அது. மாரடைப்பு அதிகரிக்கும் ஆபத்தால் 2004இல் அந்த மருந்து உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. மூன்று மாரடைப்புகள் கட்டுரைக் கணக்கில் வராமல் போனதை 2005இல் அதே இதழ் கவலையோடு பதிவுசெய்தது. 2020இல் ஹைட்ராக்ஸிகுளோரோக்வின் பற்றி லான்செட்டில் 96,000 நோயாளிகளின் கணக்கோடு வந்த கட்டுரை, இரண்டு வாரத்துக்குள் வாபஸ் ஆனது. கணக்கைக் காட்டச் சொன்னபோது காட்ட முடியவில்லை. அந்த மருந்து சரவாங்கிக்காரர்கள் தினமும் விழுங்குவது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்குத் தடுப்பாக அது பரிந்துரைக்கப்பட்டதும் கடைகளில் தீர்ந்துபோய், உண்மையில் தேவைப்பட்டவர்கள் கடை கடையாக அலைந்தார்கள்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு இரண்டு பட்டியல்களையும் உட்கார்ந்து பிரித்தேன். மூன்று இரவுகள் ஆயின. துறைத் தலைவரின் கட்டுரைகளில் பெரும்பகுதி லூபஸ் என்ற வேறொரு நோயைப் பற்றியது. ரத்தக்குழாய் அழற்சி பற்றிச் சில. அவற்றில் அவர் மேதை, சந்தேகமில்லை. எங்கள் நோயைப் பற்றி அவர் கடைசியாக முதல் ஆசிரியராக எழுதியது பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு. இளையவரின் பதினொன்றில் நான்கு ருமட்டாய்டு பற்றியவை. இரண்டில் அவரே முதல் ஆசிரியர். ஒன்று மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை எந்த அளவில் தொடங்கலாம் என்ற பரிசோதனை. நம் நாட்டு மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு 2007இல் தொடங்கியது. 2009லிருந்து பதிவு கட்டாயம். அதில் தேடினேன். நோயாளிகளைச் சேர்க்கும் முன்பே பதிவாகியிருந்தது. எதை அளக்கப்போகிறோம் என்று முதலிலேயே எழுதி வைத்ததைத்தான் கட்டுரையிலும் அளந்திருந்தார்கள். அம்பு எய்த பிறகு வட்டம் வரையவில்லை. கட்டுரையின் கடைசியில் எந்த கம்பெனியிடமும் பணம் வாங்கவில்லை என்ற வரியும் இருந்தது.

மொழிபெயர்ப்பாளனுக்கு இந்த இடத்தில் ஒரு சின்ன ஆதாயம். ஆராய்ச்சி ஆங்கிலத்தில் கவனிக்க வேண்டியவை வினைச்சொற்கள். 'தொடர்பு காணப்படுகிறது' என்று எழுதியிருப்பதைப் பத்திரிகைகள் 'காரணமாகிறது' என்று தலைப்புப் போடும். 'குறைக்கக்கூடும்' என்பது 'குறைக்கும்' ஆகிவிடும். ஒரு நல்ல ஆய்வாளர் தன் முடிவுரையில் எவ்வளவு அடக்கமாகச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார், குறைபாடுகள் என்ற பத்தியை எவ்வளவு நேர்மையாக எழுதுகிறார் என்பதில் ஆளின் குணம் கொஞ்சம் தெரிகிறது. இளையவர் எழுதிய ஒரு கட்டுரையில் கால்வாசி நோயாளிகள் பாதியிலேயே வராமல் நின்றுவிட்டதாக ஒளிக்காமல் எழுதியிருந்தார். அதற்குக் காரணமாக பஸ் செலவையும் தினக்கூலி இழப்பையும் குறிப்பிட்டிருந்தார். மருத்துவ இதழில் பஸ் செலவைப் படித்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

இரவு பன்னிரண்டு மணிக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது மனைவி ஒரு கேள்வி கேட்டாள்: "எல்லாம் சரிங்க. இவங்கள்ல யாரு என் கையைப் பார்க்கப்போறாங்க? எப்போ?"

கட்டுரைப் பட்டியலில் பதில் கிடைக்காத கேள்வி. மறுநாள் போனை எடுத்தேன்.

பெரிய மருத்துவமனையில் புது நோயாளிக்கு முதல் தேதி பதினோரு வாரம் கழித்து. ஏற்கெனவே போன ஏழு வாரத்தோடு சேர்த்தால் பதினெட்டு. மூன்று மாதம் என்ற எல்லை தாண்டிவிடும். அடுத்த முறை எப்போது என்று கேட்டேன். நாலிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை. பேராசிரியரே பார்ப்பாரா? அன்று யார் பணியில் இருக்கிறார்களோ அவர்கள் பார்ப்பார்கள். போனில் பேசிய பெண் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். குறை அவரிடத்தில் இல்லை. வெளியே நிற்கும் வரிசை அப்படி.

இளையவரின் கிளினிக்கில் ஒன்பது நாளில் இடம் இருந்தது. வாரத்தில் இரண்டு மாலை. கட்டணம் 1,200 ரூபாய். நோய் அடங்கும் வரை நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை வர வேண்டும் என்றார்கள். நடுவில் காய்ச்சல் வந்தால்? இந்த எண்ணுக்குப் போன் செய்தால் டாக்டர் இரவுக்குள் பதில் சொல்வார். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் சாதாரண விஷயமல்ல என்பதால் அந்தப் பதில் எனக்கு முக்கியமாகப் பட்டது.

நேரம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதும் ஓர் ஆராய்ச்சிதான். செல்போன் செயலிகளில் பச்சை வட்டத்தோடு 'இன்று கிடைக்கும்' என்று ஒரு டாக்டர் பெயர் வந்தது. விசாரித்தால் அவர் நாலு மருத்துவமனைகளுக்கு விசிட்டிங். நாங்கள் பார்த்த இடத்துக்கு மாதம் ஒரு முறை வருவார். இன்னொருவர் பெயருக்குப் பின்னால் ருமட்டாலஜி என்று இருந்தது. படித்தது வேறு துறை. தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் பெயரைப் போட்டால் பதிவான பட்டங்கள் தெரிந்துவிடும். அரசு மருத்துவமனைகளுக்கு 2015லிருந்து ஆன்லைனில் தேதி வாங்கும் வசதி இருக்கிறது. விடிகாலை வரிசையில் செருப்பை வைத்து இடம்பிடித்த காலத்தை நினைத்தால் அது பெரிய முன்னேற்றம். ஆனால் வரிசை கம்ப்யூட்டருக்குள் போய்விட்டதால் வரிசையின் நீளம் குறைந்துவிடாது. டெலிமெடிசினுக்கு 2020 மார்ச்சில் அரசு விதிமுறை வகுத்தது. மருந்தைத் தொடர, ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்ட அது உதவும். வீங்கிய மூட்டைத் திரை வழியாக அழுத்திப் பார்க்க முடியாது.

பொகாரோ உருக்காலையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் பேசியபோது எங்கள் சங்கடம் ஒரு சங்கடமே இல்லை என்று புரிந்தது. அவருடைய தாயாருக்கு இதே நோய். வருடத்துக்கு இரண்டு முறை ஆலப்புழை எக்ஸ்பிரசில் ஏறி, காட்பாடியில் இறங்கி, வேலூருக்கு அழைத்துப்போகிறார். இடையில் ரத்தப் பரிசோதனை உள்ளூரில். "எங்களுக்கு டாக்டரைத் தேர்ந்தெடுப்பது எங்கே சார்? ரயில் டிக்கெட் கிடைக்கிற தேதிதான் அப்பாயின்ட்மென்ட்," என்றார். இந்தியாவின் மருத்துவ வரைபடத்தை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

எங்களுக்குத் தீர்ப்புச் சொன்னது கடைசியில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரைதான். இந்த இரண்டு டாக்டர்களும் எழுதியது அல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்து, 2004இல் லான்செட்டில் வெளியானது. டைக்கோரா என்று சுருக்கப் பெயர். 111 ருமட்டாய்டு நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம் போல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சந்திப்பு. மற்றொரு பிரிவை மாதாமாதம் வரவழைத்து, மூட்டுகளை எண்ணி, வீக்கம் அடங்கவில்லையென்றால் உடனுக்குடன் மருந்தைக் கூட்டினார்கள். புதுமையான விலையுயர்ந்த மருந்து எதுவும் இல்லை. அதே பழைய மாத்திரைகளும் ஊசிகளும்தான். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, நெருக்கமாகக் கவனிக்கப்பட்டவர்களில் 65 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வழக்கப்படி பார்க்கப்பட்டவர்களில் 16 சதவீதம்.

அதைப் படித்ததும் நான் இரண்டு தட்டில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்த விஷயங்கள் ஒரே தட்டுக்கு வந்துவிட்டன. இந்த நோய்க்கு டாக்டரைப் பார்க்கக் கிடைக்கும் தேதி என்பது சௌகரியம் பற்றிய விஷயமல்ல. அதுவே சிகிச்சையின் ஒரு பகுதி. நூற்றைம்பது கட்டுரை எழுதியவரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பதைவிட, நோயைச் சரியாகப் படித்த ஒருவரை மாதம் ஒரு முறை பார்ப்பது மேல் என்று ஆராய்ச்சியே சொல்கிறது. ஒன்பதாவது நாள் ஆட்டோ பிடித்தோம்.

முதல் சந்திப்பு நாற்பது நிமிடம் நீடித்தது. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் கணுக்கள், முழங்கால் என்று 28 மூட்டுகளையும் டாக்டர் ஒவ்வொன்றாக அழுத்தி, வலிப்பவை எத்தனை, வீங்கியவை எத்தனை என்று தனித்தனியாக எழுதினார். "உலகம் பூராவும் இந்தக் கணக்குதான். இதில் பாதம் சேராது. ஆனால் நடப்பது பாதத்தில்தானே?" என்று சொல்லி செருப்பைக் கழற்றச் சொன்னார். வீங்கிய மூட்டுகள் பதினான்கு. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான் சாப்பிட வேண்டும். தவறித் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் சீட்டில் 'ஞாயிறு' என்று பெரிதாக எழுதி அடிக்கோடிட்டார். என்றைக்கு என்று என் மனைவியைத் திருப்பிச் சொல்ல வைத்தார். ஹைட்ராக்ஸிகுளோரோக்வின் தொடங்குவதால் கண் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்.

அவருடைய கட்டுரைகளைப் படித்தேன் என்றபோது சிரித்தார். "நோயாளியின் வீட்டுக்காரர் படித்தது இதுதான் முதல் தடவை." பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "கட்டுரையில் வருகிறவர்கள் கடைசி வரை வந்தவர்கள். வராமல் போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. நான் கிளினிக்கை இந்தப் பக்கம் வைத்ததே அதற்காகத்தான்," என்றார். அடுத்த தேதியை அவரே கையால் எழுதினார்.

பெரிய மருத்துவமனைத் தேதியை நாங்கள் ரத்துசெய்யவில்லை. பதினோரு வாரம் கழித்துப் போனோம். இளம் டாக்டர் ஒருவர் ஃபைலைப் புரட்டி, மருந்து சரிதான், தொடருங்கள் என்றார். அந்த நேரத்தில் பேராசிரியர் உள்ளே வந்தார். மூன்று நிமிடம்தான் நின்றிருப்பார். விரல்களைப் பார்க்கவேயில்லை. "மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா? வறட்டு இருமல் உண்டா?" என்று கேட்டார். இந்த நோய் நுரையீரலையும் தொடக்கூடும், மருந்தும் அரிதாகத் தொடக்கூடும் என்பதால், மூச்சுப் பரிசோதனை ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்தோம், குறை இல்லை. நூற்றைம்பது கட்டுரைகளின் சாரம் அந்த ஒரு கேள்வியில் இருந்தது என்று எனக்குத் தோன்றியது. பெரியவர்களிடம் போக வேண்டியது இதற்குத்தான். வருடத்துக்கு ஒரு முறை, நாம் கேட்கத் தெரியாத கேள்வியை அவர்கள் கேட்பதற்கு. மாதாமாதம் கையைப் பிடித்து எண்ணுவதற்கு ஆள் பக்கத்தில் வேண்டும்.

நம் மருத்துவமனைகளின் விளம்பரப் பலகைகளில் பட்டம், பதக்கம், வெளிநாட்டுப் பயிற்சி, ஆராய்ச்சிக் கட்டுரை எண்ணிக்கை எல்லாம் இருக்கின்றன. புது நோயாளி எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும், பழைய நோயாளி அடுத்து எப்போது பார்க்கலாம், யார் பார்ப்பார்கள் என்பது மட்டும் எங்கும் இல்லை. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளில் காத்திருக்கும் காலத்தை மாதாமாதம் வெளியிடுகிறார்கள். அங்கேயும் வரிசை குறைந்துவிடவில்லைதான். ஆனால் எவ்வளவு நீளம் என்று ஊருக்கே தெரியும். நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம். நம் ஊரில் அந்த நீளத்தை வரிசையில் நிற்பவர் மட்டும் அறிவார். பொகாரோ நண்பரின் தாயார் அறிவார்.

மே மாதத்தில் வீங்கிய மூட்டுகள் மூன்றாகக் குறைந்தன. நோய் போய்விடவில்லை, போகவும் போகாது. ஞாயிற்றுக்கிழமை மாத்திரை சாப்பிட்டால் திங்கள் காலை என் மனைவிக்குக் குமட்டல் உண்டு. அன்று முதல் பீரியடில் மட்டும் பிள்ளைகளை எழுந்து படிக்கச் சொல்கிறாள். மற்ற பீரியடுகளில் கரும்பலகையில் அவளே எழுதுகிறாள். மாடி வீட்டு மாமா இப்போது தம் முழங்காலைக் காட்ட இளைய டாக்டரின் போன் நம்பர் கேட்டிருக்கிறார். கொடுத்தேன். மாமாவுக்கு மூட்டுத் தேய்மானம்தான், வேறு டாக்டரைப் பார்க்கச் சொல்லி அவர் அனுப்பிவிடுவார் என்றும் சொல்லிவைத்தேன். "ஏன், கூட்டம் அதிகமோ?" என்றார் மாமா.